எங்கள் வீட்டுப் பாம்பின் நிறம்

1

என்னோடு நாகர்கோவிலில் விலங்கியல் எம்.எஸ்ஸி. படித்த தோழி இப்போது அதே துறைக்குத் தலைவி. துறையின் ஆண்டு மலருக்கு, வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவிகள் ஆளுக்கொரு கட்டுரை தர வேண்டுமாம். நான் டெக்சஸுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது என்பதை எப்படியோ கண்டுபிடித்து, அதையே சாக்காக வைத்து என்னைப் பிடித்துக்கொண்டாள். "பனி, சுத்தமான ரோடு, புள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கதுல உள்ள கஷ்டம், அது மாதிரி எழுது. படிக்கவங்களுக்குப் பிடிக்கும்" என்று தலைப்பையும் அவளே போனில் கொடுத்துவிட்டாள்.

நான் இருக்கும் ஆலன் என்கிற ஊரில் பனி எப்போதாவது விழும். விழப்போகிறது என்று டி.வி.யில் சொன்னதுமே ஊர் மொத்தமும் முட்டையும் ரொட்டியும் வாங்கக் கடைக்கு ஓடும். ரோடு சுத்தமாகத்தான் இருக்கிறது, நடக்க ஆளே இல்லாவிட்டால் எந்த ரோடும் சுத்தமாகத்தான் இருக்கும். தமிழ் சொல்லிக்கொடுப்பதை நான் விட்டுப் பல வருஷம் ஆயிற்று. மிச்சம் இருப்பது பாம்பு. விலங்கியல் துறை மலரில் பாம்பைப் பற்றி எழுதினால் யாரும் கோபித்துக்கொள்ள முடியாது என்று நினைக்கிறேன்.

2

என் மகள் ஷைனி இங்கேயே பிறந்தவள். பள்ளியில் கடைசி வருஷம். துணி வைக்க என்று நாங்கள் வாங்கிக்கொடுத்த அலமாரியில் துணி இல்லை. தட்டுக்குத் தட்டு பிளாஸ்டிக் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு பாம்பு. துணியெல்லாம் தரையில் கிடக்கிறது.

கார்ன் ஸ்நேக் என்று பெயர். இந்த நாட்டுப் பாம்பு, விஷம் கிடையாது, கையில் எடுத்தால் விரலைச் சுற்றிக்கொண்டு சும்மா இருக்கும். நாய் வளர்க்க நேரமில்லாதவன் பூனை வளர்க்கிறான், பூனைக்கும் நேரமில்லாதவன் இதை வளர்க்கிறான். வாரத்துக்கு ஒரு எலி போதும். உறைந்த எலிக்குஞ்சுகள் எங்கள் ஃப்ரீசரில் நெத்திலிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. மீன் குழம்பு சாப்பிட வரும் விருந்தாளிகளிடம் நாங்கள் இதைச் சொல்வதில்லை.

வளர்ப்பதோடு நின்றாலாவது பரவாயில்லை. இங்கே இதற்குக் கண்காட்சி உண்டு. பெரிய ஹாலில் வரிசையாக மேஜை போட்டு, தயிர் டப்பா மாதிரி டப்பாக்களில் பாம்புக்குட்டிகளை வைத்துக்கொண்டு தாடிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். டப்பாவுக்கு மேல் அந்தப் பாம்பின் நிறமும் அதற்குள் ஓடுகிற ஜீன்களின் பெயரும் எழுதியிருக்கும். பெயரெல்லாம் ஐஸ்கிரீம் கடையில் படிப்பது போலவே இருக்கும். வாங்க வருகிறவர்கள் டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதுக்குள்ள வேற என்ன இருக்கு?" என்று கேட்பார்கள். விற்கிறவர் பாம்பின் தாத்தா வரைக்கும் சொல்லுவார். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி எங்கள் ஊரில் கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

விஷயம் சுலபமானது. சாதாரண கார்ன் ஸ்நேக் ஆரஞ்சு நிறம், முதுகில் சிவப்புத் திட்டுகள், திட்டைச் சுற்றிக் கறுப்புக் கரை. கறுப்பைப் போடும் ஜீன் வேலை செய்யாவிட்டால் வெறும் ஆரஞ்சுப் பாம்பு, அது அமெல். சிவப்பைப் போடும் ஜீன் வேலை செய்யாவிட்டால் சாம்பல் பாம்பு, அது அனெரி. இரண்டும் வேலை செய்யாவிட்டால் வெள்ளைப் பாம்பு, அதற்கு ஸ்நோ என்று பெயர். வேலை செய்யாத ஜீன் அப்பாவிடமிருந்தும் வர வேண்டும், அம்மாவிடமிருந்தும் வர வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் வெளியே தெரியாமல் உள்ளேயே இருக்கும். நிறம் மாதிரியே முதுகின் திட்டுகள் எப்படி விழும் என்பதற்கும் தனி ஜீன்கள் உண்டு. மோட்லி என்று ஒன்று, அது இருந்தால் திட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சங்கிலி மாதிரி ஆகும், வயிற்றில் இருக்கும் சதுரக் கட்டங்கள் காணாமல் போகும். ஆகவே விவரம் தெரிந்தவர்கள் முதலில் வயிற்றைப் பார்ப்பார்கள். மற்றவர்கள் முதுகைப் பார்த்துப் பெயர் வைப்பார்கள்.

3

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று மலரைப் படிக்கிற மாணவிகள் கேட்கக்கூடாது. கல்யாணத்துக்கு முன்பு நான் பட்டாணிச் செடியின் நெட்டையையும் குட்டையையும் கரும்பலகையில் கட்டம் போட்டுப் பாடம் எடுத்தவள். இங்கே வந்ததும் அந்தப் படிப்பை மதிப்பிட்டுச் சொல்ல ஒரு அலுவலகம் இருப்பதாகச் சொன்னார்கள். மதிப்பெண் சான்றிதழைப் பல்கலைக்கழகமே உறையில் போட்டு, ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்தி நேராக அனுப்ப வேண்டும் என்றது அது. நேரில் வந்தால்தான் தருவோம் என்றது பல்கலைக்கழகம். என் தம்பி நடையாய் நடந்து அனுப்பிவைத்தான். முத்திரை உறையின் ஓரத்தில் இருக்கிறது, ஒட்டின இடத்தில் இல்லை என்று இங்கே திருப்பிவிட்டார்கள். மறுபடியும் நடந்தான். கடைசியில் என் முதுகலைப் பட்டத்தை மதிப்பிட்டு, அது இங்குள்ள இளங்கலையின் ஒரு பங்கு என்று எழுதிக்கொடுத்தார்கள். எந்தப் பங்கு என்று சொல்லவில்லை. இப்போது ஒரு பல் ஆஸ்பத்திரியில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் செய்து, கடைவாய்ப் பல் எந்தப் பக்கத்தது என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஷைனிக்கு என் தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில் வரும். நான் இங்கிலீஷில் பேசினால் உடனே திருத்துவாள். ஆகவே எங்கள் பேச்சு பெரும்பாலும் சாப்பிட்டாயா, சாவி எங்கே என்ற அளவில் நின்றுவிட்டது. ஒரு நாள் அவள் பாம்பு ஜோடிகளுக்குக் கட்டம் போட்டுத் தப்புத்தப்பாகக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் பென்சிலை வாங்கி, கடை விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் நேராகப் போட்டுக் காட்டினேன். அவள் தாளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"அம்மா, ஹௌ டு யூ நோ திஸ்?"

"இதுதாண்டி எனக்க வேலை" என்றேன்.

அன்றிலிருந்து அந்த அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தால் மட்டும் நாங்கள் பேசிக்கொள்வோம். அவள் வேறு யாரிடமும் கேட்காததை அங்கே என்னிடம் கேட்பாள். எனக்கு வேறு பெரிய சந்தோஷம் ஒன்றும் இந்த நாட்டில் வாய்க்கவில்லை. அடுத்த வருஷம் அவள் காலேஜுக்குப் போய்விடுவாள், அதற்கப்புறம் அந்தத் தரையில் நான் யாரோடு உட்காருவது.

4

அவளிடம் இருந்தவற்றில் ஒன்று சாதாரண ஆரஞ்சுப் பெண்பாம்பு. வீடு மாறிப் போன ஒரு குடும்பம் கொடுத்துவிட்டுப் போனது. அப்பன் யார், ஆத்தாள் யார் என்று யாருக்கும் தெரியாது. உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரே வழி, ஜீன்கள் தெரிந்த ஆணோடு சேர்த்துவிட்டுக் குட்டிகளின் நிறத்தைப் பார்ப்பது. நீச்சல் குளத்தில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் கண்காட்சியில் ஒரு வெள்ளை ஆணை வாங்கினாள். விற்றவர் டேல் என்கிற ஓக்லஹோமாக்காரர். இணையத்தில் பாம்பின் படத்தைப் போட்டால், இது இன்ன ஜீன் என்று தீர்ப்புச் சொல்லும் குழு ஒன்றை நடத்துகிறவர். அந்தக் குழுவில் அவர் வைத்ததுதான் சட்டம்.

பெண்பாம்பு முட்டையிட்டது. அம்மாவும் மகளும் ஈரமண் போட்ட டப்பாவில் முட்டைகளை வைத்து, கட்டம் போட்டு, எது எது பிறக்கலாம் என்று எழுதிவைத்துக் காத்திருந்தோம். ஒரு வெள்ளைக்குட்டி பிறந்தாலும் போதும், தாய்க்குள் இரண்டு ஜீனும் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் சபையின் பெண்களுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. பாம்பு இருக்கிற வீட்டில் ஜெபம் நிற்காது என்று ஒரு ஆண்ட்டி வந்து வீடு முழுக்க எண்ணெய் தடவிவிட்டுப் போனார். நிறத்தைப் பார்த்துப் பார்த்துப் பாம்பு வளர்ப்பது பைத்தியக்காரத்தனம் என்றும் சொன்னார். அதே ஆண்ட்டிதான் ஷைனி பிறந்தபோது தொட்டிலுக்குள் எட்டிப்பார்த்து, "செல்வின் கலர் வரலியே" என்று உச்சுக்கொட்டியவர். செல்வின் என் கணவர், சிவப்பு. நான் கறுப்பு. பெண்பிள்ளைக்கு இரண்டே நிறம்தான் உண்டு என்று நினைக்கிறவர்களுக்குப் பாம்பின் இருபது நிறத்தைப் பற்றி என்ன சொல்லி விளங்கவைப்பது. ஷைனியிடம் இதைச் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. மனுஷத் தோலின் நிறத்தைப் பல ஜீன்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன, அது கட்டம் போட்டுப் பார்க்கிற விஷயமே இல்லை என்று இங்கிலீஷில் பாடம் எடுத்தாள். சரியாகவே எடுத்தாள்.

இரண்டு வீடு தள்ளி இருக்கும் வசந்தா அக்காவுக்கோ எங்கள் வீட்டில் பாம்பு இருப்பதில் வருத்தமே இல்லை. அவர் மகள் சியாட்டிலில் பெரிய வேலையில் இருக்கிறாள், வரன் அமையவில்லை. நாகதோஷம் என்று சென்னை ஜோசியர் வீடியோ காலில் சொல்லிவிட்டார். நான் நாகர்கோவில்காரி என்பதால் எனக்கும் நாகங்களுக்கும் ஏதோ குடும்ப உறவு இருப்பதாக அக்காவுக்கு எண்ணம். நாங்கள் சி.எஸ்.ஐ. சபைக்காரர்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும், "அதனால என்னம்மா, ஊர் மண்ணு அது" என்பார்.

5

முட்டைகள் விரியத் தொடங்கிய அன்று நாகசதுர்த்தி. எனக்கு அது தெரியாது. காலையில் முட்டைகளில் கீறல் விழுந்து மூக்குகள் மட்டும் வெளியே தெரிந்தன. முழுதாக வெளியே வர நேரமாகும் என்பதால் ஷைனி பள்ளியின் பேண்ட் பயிற்சிக்குக் கிளம்பிப் போனாள், நான் பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டில் இருந்து வேலை பார்ப்பதாகச் சொல்லப்படும் என் கணவர் மட்டும் இருந்தார். நடுவில் ஒரு வெள்ளைக்குட்டி வெளியே வந்துவிட்டது. அவர் அதைப் படம் எடுத்து, தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டார்.

வசந்தா அக்கா குளித்துவிட்டு, பட்டுப்புடவையில் தட்டோடு வந்துவிட்டார். வெள்ளை நாகம், அதுவும் சதுர்த்தி அன்று. வேண்டாம் என்று யாரிடமும் சொல்லத் தெரியாத மனிதர் செல்வின். அக்கா அந்தக் குட்டியின் முதுகில் குழைத்த மஞ்சளைப் பூசி, தலையில் குங்குமம் வைத்து, வாயருகே பால் சொட்டி, மகள் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போனார். பாம்புக்குப் பால் செரிக்காது என்பது விலங்கியல் படித்தவர்களுக்குத் தெரியும், நல்லவேளையாகப் பாம்புக்கும் தெரிந்திருந்தது. அது வாயைத் திறக்கவில்லை.

அக்கா போனதும் இவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஈரத்தாளால் துடைத்தார். குங்குமம் போயிற்று. மஞ்சள் போகவில்லை. யாரிடமும் சொல்லாமல் பெட்டியை மூடி வைத்துவிட்டார்.

ஷைனி வந்து திறந்தாள். வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் தங்க மஞ்சளாக ஒரு குட்டி. கட்டத்தில் அப்படி ஒன்றுக்கு இடமே இல்லை. உடனே படம் எடுத்து டேலின் குழுவில் போட்டு, "இது என்ன?" என்று கேட்டாள். நான் வீட்டுக்கு வருவதற்குள் டேல் பதில் போட்டுவிட்டார். தன் அனுபவத்தில் இப்படி ஒரு நிறத்தைப் பார்த்ததில்லை, இது புதிய ஜீன், யாருக்கும் விற்காதே, நான் நேரில் வருகிறேன் என்று. தாடிக்காரர்கள் வரிசையாக வந்து கைதட்டியிருந்தார்கள்.

நான் பெட்டிக்குள் குனிந்ததும் ரசத்துக்குத் தாளிக்கிற வீட்டு வாசனை வந்தது. குட்டியைத் திருப்பிப் பார்த்தேன். முதுகு மஞ்சள், வயிறு வெளிறிய ரோஸ். கீழே போட்டிருந்த காகிதத்தில் மஞ்சள் விரல் தடம். மாடியிலிருந்து இறங்கி வந்து அவரிடம் கேட்டேன். ஒரு நிமிஷம் முழித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

"செரி, ஆனது ஆயாச்சு. அவகிட்ட சொல்லாத. பிள்ள எவ்வளவு சந்தோஷமா இருக்கா பாரு" என்றார்.

நான் அப்போதே மாடிக்குப் போய் ஷைனியிடம் சொன்னேன். அவள் குட்டியைக் கையில் எடுத்து, வயிற்றைப் பார்த்து, முகர்ந்து பார்த்து, கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு டேலுக்கு எழுதினாள். இது சமையல் மஞ்சள், பக்கத்து வீட்டு ஆண்ட்டி பூசியது, வயிற்றில் நிறம் இல்லை, உள்ளே இருப்பது சாதாரண ஸ்நோதான், மன்னிக்கவும் என்று. அந்த வயதில் எனக்கு இந்தத் தைரியம் இருந்ததில்லை.

டேல் பதில் எழுதினார். இந்தத் தொழிலில் நிறைய கறைகளைப் பார்த்திருக்கிறேன் குழந்தாய், இது கறை இல்லை. உன் கண்டுபிடிப்பின் மீது உனக்கே நம்பிக்கை இல்லாமல் இருக்கிறது. அடுத்த ஞாயிறு வருகிறேன்.

முதுகைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர் வயிற்றைப் பார்க்க மறுத்தார். டெக்சஸோ ஓக்லஹோமாவோ, தாடி வளர்ந்த பிறகு ஒருவருக்கு அவர் சொன்னது தப்பு என்று புரியவைப்பது கஷ்டம்.

6

இங்குள்ள நம்மவர்கள் பிள்ளைகளைக் காலேஜுக்கு அனுப்பும் விதத்தை ஊரில் இருக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மார்க் மட்டும் போதாது. பிள்ளைக்கு ஒரு கதை வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை புயலில் சிக்கியிருக்க வேண்டும், அல்லது ஏதாவது ஏழை நாட்டில் கிணறு வெட்டியிருக்க வேண்டும். அதைக் கட்டுரையாக எழுதி அப்ளிகேஷனோடு அனுப்ப வேண்டும். எழுத உதவுவதற்கு ஆட்கள் உண்டு. எங்களுக்கு வாய்த்தவர் பக்கத்து ஊரான பிளேனோவில் இருக்கும் பத்மா மேடம். ஷைனியின் வாழ்க்கையில் கதையே இல்லை என்று அதுவரை மிகவும் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

டேலின் முதல் பதிலை அன்றைக்கே செல்வின் அவருக்கு அனுப்பிவிட்டிருந்தார். மேடம் உடனே போன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"சார், இதுதான் ஹுக், படிக்கிறவங்களைப் புடிச்சு இழுக்கிற விஷயம். ஹைஸ்கூல் கேர்ள், புது ஜீன் டிஸ்கவர் பண்ணியிருக்கா. இந்த மாதிரி எஸ்ஸே யாரும் அனுப்ப மாட்டாங்க. அந்த எக்ஸ்பர்ட்கிட்ட ஒரு லெட்டர் மட்டும் வாங்கிடுங்க."

நான் குறுக்கே புகுந்து மஞ்சள் விஷயத்தைச் சொன்னேன்.

"ஓ. நோ ப்ராப்ளம் மேடம். அப்போ ஃபெயிலியர் எஸ்ஸேயா பண்ணிடலாம். நான் தோற்றேன், கற்றுக்கொண்டேன், அந்த மாதிரி. டர்மெரிக் வேற வருது, கல்ச்சர் ஆங்கிளும் கிடைக்கும். இப்ப அதுவும் நல்லாப் போகுது."

பொய்யையும் எழுதலாம், உண்மையையும் எழுதலாம், இரண்டுக்கும் ஒரே விலை. பொய் வேண்டாம் என்று ஷைனி காதில் விழும்படியே சொல்லிவிட்டு நான் போனை வைத்தேன். ஆனால் செல்வினுக்கு உண்மையின் கட்டுரை பிடிக்கவில்லை. தோற்ற கதையை எழுதினால் தோற்றவள் என்றுதானே நினைப்பார்கள் என்று கேட்டார். அவருடைய ஆபீஸ் நண்பர் மகன் ஏதோ ஒரு ரோபோவைச் செய்து கிழக்குக் கரையில் பெரிய காலேஜில் சேர்ந்துவிட்டான். அது இவர் மனதில் முள்ளாகத் தைத்துக் கிடக்கிறது.

"அந்த வெள்ளைக்காரனே புது ஜீனுன்னு சொல்லுதான். நாம என்ன பொய்யா சொல்லுதோம்? அவன் சொல்லட்டு, நாம வாய மூடிக்கிட்டு இருப்போம்" என்றார்.

"அவன் ஷைனி பேரைப் போட்டு ஊருக்கெல்லாம் அறிவிப்பான். அது அவ அப்ளிகேஷன்ல ஏறும். பெறவு காலம் பூரா அவ பேருல நிக்கும்" என்றேன்.

"நீ சும்மா கெட. உனக்கு எப்பவும் இப்படித்தான், வர்ற நல்லதக் காலால தள்ளுவ."

எனக்கு டேலைப் பற்றியோ காலேஜைப் பற்றியோ கவலை இல்லை. தரையில் உட்கார்ந்து, இது சரியா அம்மா, இது இங்கே வருமா அம்மா என்று என்னிடம் கேட்டுக் கேட்டுக் கட்டம் போட்ட பெண், அப்பா கொடுத்த பொய்யைக் கையில் வாங்கிக்கொண்டு இந்த வீட்டை விட்டுப் போய்விடக் கூடாது. அந்த ஒன்றுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஷைனி என்ன நினைத்தாளோ, அப்பாவிடம் ஒன்றும் பேசவில்லை. டேல் வரட்டும், அவரே பார்த்துத் தெரிந்துகொள்வார் என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

7

பாம்புக்குட்டி பிறந்து சில நாளில் முதல் தோலை உரிக்கும். சனிக்கிழமை அது உரித்தது. தண்ணீர் கிண்ணத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் படிந்த சல்லாத்துணி போலத் தோல் கிடந்தது. குட்டி பளிச்சென்று வெள்ளை. வயிற்றில் கட்டங்கள் நிழல் மாதிரித் தெரிந்தன, ஆகவே மோட்லியும் இல்லை. தாய்க்குள் அமெலும் அனெரியும் ஒளிந்திருந்தன, எங்கள் கட்டம் சரி. அதுதான் நிஜமான கண்டுபிடிப்பு, அதற்கு அம்மாவும் மகளும் கை குலுக்கிக்கொண்டோம். வசந்தா அக்கா வந்து அந்தத் தோலைக் கேட்டு வாங்கிப் பூஜையில் வைத்துக்கொண்டார். மகளுக்கு ஒரு வரன் பேசி வருகிறதாம்.

இனிமேல் டேலிடம் சொல்ல ஒன்றுமில்லை, பாம்பே சொல்லிவிடும் என்று நிம்மதியாகத் தூங்கினேன். ஞாயிறு காலை நானும் ஷைனியும் சபைக்குக் கிளம்பினோம். செல்வின் தலைவலி என்றார். டேல் சாயங்காலம்தானே வருவார் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

திரும்பி வந்தபோது வாசலில் பெரிய டிரக் நின்றது. டேல் முன்னாடியே வந்துவிட்டார். ஹாலில் சோஃபாவின் நுனியில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடியைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, உள்ளங்கையில் குட்டியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். குட்டி மஞ்சளாக இருந்தது.

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு என் கணவரின் கையைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் மஞ்சள். சர்ச் கமிட்டியில் இருக்கிறவர், கோயில் பிரசாதம் என்று யாராவது கொடுத்தால் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிடுகிறவர், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து பாம்புக்கு மஞ்சள் காப்பு நடத்தியிருக்கிறார். தேங்காய் எண்ணெயில் குழைத்து, நன்றாகத் தேய்த்து. இந்த முறை வயிற்றிலும் பூசியிருந்தார். மகள் டேலுக்கு எழுதியதைப் படித்துத்தான் பூசியிருக்க வேண்டும்.

டேல் மகிழ்ச்சியில் இருந்தார். குட்டியை வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றினார், விரல் நுனி மஞ்சளாகியிருந்தது. அதைக் கவனிக்காமல் கால்சட்டையில் துடைத்தார். தன் போனில் ஷைனியையும் குட்டியையும் சேர்த்துப் படம் எடுத்து இன்றைக்கே குழுவில் போடப்போகிறேன் என்றார். கண்டுபிடித்தவள் என்று அவள் பெயர் இருக்குமாம், ஜீனுக்குப் பெயர் வைப்பது மட்டும் அவராம்.

"யங் லேடி, சமையல் பொடி என்று சொன்னாயே. தோல் உரித்த பிறகும் மஞ்சளாகத்தானே இருக்கிறது. இப்போது என்ன சொல்கிறாய்?" என்று அவளிடம் கேட்டார்.

ஷைனி அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஷி இஸ் வெரி மாடஸ்ட், சார்" என்றார் செல்வின். "இட் ஷெட் எஸ்டர்டே, ஸ்டில் யெல்லோ. ஐ ஸா வித் மை ஓன் ஐஸ். டெஃபினட்லி ஜெனடிக்."

ஆபீஸ் மீட்டிங்கில் வேலை முடிந்துவிட்டது என்று சொல்வாரே, அதே குரல். ஷைனி அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தமிழில் பேசினாள். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசினாள்.

"அப்பா, நீங்க வீட்டுல இங்கிலீஷ் பேசுறது, பொய் சொல்றதுக்கு மட்டும்தான். உங்க பொய்ல என் பேரு வேண்டாம். எனக்கு அசிங்கமா இருக்கு."

செல்வினின் முகம் சுருங்கிப்போனது. டேல் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கையில் போன் தயாராக இருந்தது.

"வாட் டிட் ஷி சே?"

"ஷி இஸ் தேங்கிங் யூ, சார்" என்றார் செல்வின்.

"நோ" என்றேன் நான். கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, மகள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவருக்கு இங்கிலீஷில் சொன்னேன். அதற்குப் பிறகுதான் டேல் தன் விரலைப் பார்த்தார்.